செஞ்சிச் சீமையில் மருந்து கெட்டித்த சரித்திரம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள், செஞ்சியை நெருங்கும்போது, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும், அவற்றை முக்கோணமாக இணைத்துக்கொண்டு பாறையிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி ஓடும் மதிலையும் கண்டு, நடந்துகொண்டிருந்த பேச்சை ஒரு கணம் நிறுத்திவிடுவது வழக்கம். அந்த மதிலைச் சுற்றி நிகழ்ந்த எத்தனையோ சம்பவங்களில் நம் ஜனங்களின் நெஞ்சில் நிலைத்தது ஒன்றே ஒன்றுதான். 1714ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெருஞ்சேனையைச் சிறு படையோடு எதிர்த்து மாண்ட வாலிப ராஜன் தேசிங்கின் கதை அது. செஞ்சியிலும், அனந்தபுரம் முதலான சுற்றுவட்டாரத்து ஊர்களிலும், அந்தக் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், ராஜனுடைய குதிரைக்குப் பாராசாரி என்று பெயர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். குதிரைக்கும் வாளுக்கும் கிடைத்த இந்தப் பாக்கியம் வெடிமருந்துக்குக் கிடைக்கவில்லை. மருந்தை இடித்தவன், சலித்தவன், அளந்து குழலில் பெய்தவன், ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தவன் ஆகிய இவர்களில் ஒருவருடைய பெயரையாவது எந்தப் பாட்டும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை. இருந்தும், இந்தச் சீமையின் தலைவிதியை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுதிவந்த கை அவர்களுடையதே என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தை இப்போது எடுத்துப் பேசுவதற்கு ஒரு முகாந்தரம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய தேசங்கள் சிலவற்றிலும், குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பயிலும் மனிதர்கள், தோட்டாவைக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்குவதை விட்டு, வீட்டின் ஒரு மூலையில் மேஜை போட்டு, தங்கள் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாவைத் தாங்களே கெட்டித்துக்கொள்ளும் பழக்கம் மிகப் பரவியிருக்கிறது. ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய பற்றுக்குப்பியைப் பொருத்தி, மருந்தை நிறுத்து உள்ளே பெய்து, வாயில் குண்டை நேராக இருத்துவதே அவர்கள் செய்யும் காரியம். இதில் புதிதாக இறங்குகிறவனுக்கு உண்டாகும் ஆனந்தத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டால், முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வரும். மருந்தை நிறுக்க அவர்கள் கையாளும் அளவை கிரெய்ன் எனப்படுவது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் பொற்கொல்லர் தராசில் இடும் ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் எடை இருக்கும். அந்தக் குன்றிமணியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் மனம் பொறுக்காமல் மறுபடி நிறுக்கிறவன், நூறு கஜத்துக்கு அப்பால் காகிதத்தில் தன் ஐந்து குண்டுகளும் முன்பு கையகலத்தில் சிதறியது போய் ஒரு ரூபாய்க் காசின் வட்டத்துக்குள் ஒடுங்குவதைப் பார்க்கும்போது, சங்கீதம் பழகுகிறவன் முதன்முதலாகச் சுருதி சேர்ந்ததை உணரும் சந்தோஷத்தை அடைகிறான். குறியின் நேர்மை கண்ணில் மட்டும் இல்லை, ஒரு வேட்டைப் போலவே மறு வேட்டையும் அமைக்கிற கையில் இருக்கிறது என்பதை அவன் பிரத்தியட்சமாகக் கண்டுகொள்கிறான்.

பொழுதுபோக்காக அவன் இன்று கண்டுகொள்வதை, செஞ்சியின் கொத்தளங்களில் நின்றவர்கள் பிழைப்பாகவும் உயிர்ப்பயமாகவும் அறிந்திருந்தார்கள். கெட்டித்த தோட்டா என்ற பொருளே இல்லாத காலத்தில், சுடப்பட்ட ஒவ்வொரு வேட்டும் ஒருவன் கையால் கெட்டித்த வேட்டாகவே இருந்தது.

செஞ்சி நாயக்க வமிசத்துக்கு மூல புருஷராகக் கர்னல் மெக்கன்ஸி திரட்டிய சுவடிகள் காட்டுகிறவர் துப்பாக்கி கிருஷ்ணப்ப நாயக்கர். 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். ஸ்ரீனிவாசாசாரியாரின் செஞ்சிச் சரித்திர நூலிலும் இந்தப் பெயர் வருகிறது. விஜயநகரத்தின் கீழ் இந்தக் கோட்டை பெருகிய காலமும், தென்னாட்டுப் படைகளில் திரித் துப்பாக்கி பரவிய காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் துப்பாக்கியைக் கெட்டிப்பது சாமானிய வேலை அல்ல. கொம்பில் இருக்கும் மருந்தை அளவுச்சிமிழில் சாய்த்துக் குழலின் வாய் வழியே கொட்டி, அதன்மேல் துணியையோ நாரையோ திணித்து, ஈயக்குண்டைப் போட்டு, இருப்புக்கோலால் அடிவரை இடித்து இறுக்கி, பிறகு குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் நுண்ணிய பற்றுமருந்தைத் தூவி, புகைந்துகொண்டிருக்கும் திரியை அதன் கொக்கியில் மாட்டி ஊதிச் சிவக்கவைத்து, அதற்குப் பின்னரே வீரன் குறி பார்க்க வேண்டும். இத்தனையும் எதிரி ஓடிவந்துகொண்டிருக்கும்போது நடக்க வேண்டும். மருந்து குறைந்தால் குண்டு வழியிலேயே விழும். பதற்றத்தில் முன்பு பெய்ததை மறந்து இரண்டாம் முறையும் பெய்துவிட்டால் குழல் வெடித்துச் சுடுகிறவனையே கொல்லும். கோல் இடிக்கும் வலுவில் வித்தியாசம் இருந்தால், ஒரே அளவு மருந்தும் வேறு வேறு வேகத்தில் குண்டைத் தள்ளும். நம் நாட்டுத் திரித் துப்பாக்கி நீண்ட குழலும் கனமும் உடையதாகையால், அவசரமின்றி ஒரு கல்லின்மேல் சார்த்திச் சுடுகிறவனிடம் அது நன்றாகவே பேசியது. வெட்டவெளியில் வரிசை கட்டி வேகமாகச் சுடுவதற்கு அது உதவாது. மலைக்கோட்டைக்கு இதனினும் பொருத்தமான ஆயுதம் வேறு இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மருந்தும் லேசில் வந்ததில்லை. கந்தகம் கடல் கடந்து வரவேண்டும். கரியையும் வெடியுப்பையும் உள்நாட்டிலேயே பெறலாம். கரிக்குக் கனமான மரம் ஆகாது. எருக்கு, துவரை முதலிய மெல்லிய தண்டுகளைச் சுட்ட கரியே உசிதமானது. வெடியுப்பு, பழைய மண்சுவர்களின் அடியிலும், மாட்டுத் தொழுவங்களிலும், ஜனங்கள் நெடுங்காலம் குடியிருந்த நத்தத்து மேடுகளிலும் பூத்து நிற்பது. அந்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உறையவைத்து எடுப்பதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் உப்பிலியர் என்னும் ஜாதியார். வெடியுப்புக்குப் பெயர்போன சீமை பாட்னாவே ஆனாலும், உப்பிலியர் கை உப்பும் தமிழ்நாட்டில் எங்கும் வழங்கியது. மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் மண் சுரண்டிக்கொண்டிருந்த ஏழை மனிதனுக்கும், மலையுச்சியில் கொடியேற்றி நின்ற கோட்டைத் தலைவராகிய கில்லேதாருக்கும் இருந்த சம்பந்தத்தை நம் சரித்திராசிரியர்கள் இன்னும் விஸ்தாரமாக எழுதியிருக்கலாம்.

மூன்றையும் பொடித்துக் கலந்துவிட்டால் போதும் என்று முதலில் எண்ணினார்கள். அப்படிக் கலந்த மாவு மருந்தை வண்டியில் ஏற்றி நாலு காதம் கொண்டுபோனால், கனமானது அடியிலும் லேசானது மேலுமாகப் பிரிந்துபோகும், ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், ஒரு பிடி வேகமாக எரிந்தால் மறு பிடி சோம்பி எரியும். கலவையை ஈரப்படுத்தி அடைபோல் இறுக்கி, உலர்த்தி, உடைத்து, சல்லடையில் சலித்துச் சம அளவுள்ள மணிகளாக்கிக்கொள்ளும் முறை வந்த பிறகுதான், மருந்து ஒரு சீரான பொருளாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டுக் கோட்டையிலே மருந்துச் சாலை வைத்து, இந்தக் கரையிலிருந்து கீழ்க்கடல் தீவுகள்வரை வெடிமருந்து அனுப்பிவந்தார்கள். குறியின் நேர்மைக்கு வேண்டிய முதல் பாடத்தை, அதாவது நேற்றைய மருந்தும் இன்றைய மருந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை, ராஜாக்களுக்கு முன்னரே வியாபாரிகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

வியாபாரிகள் கற்ற இந்த வித்தை செஞ்சி ராஜ்யத்திற்கு எவ்வளவு நஷ்டத்தை விளைத்தது என்பதற்கு ஒரு நேர்த்தியான உதாரணம் உண்டு. 1677இல் சிவாஜி மகாராஜா பீஜப்பூராரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மறைந்து, மூத்த குமாரர் சம்பாஜியும் ஔரங்கசீப்பால் கொல்லப்பட்ட பிறகு, இளைய குமாரர் ராஜாராம் 1689இல் மாறுவேஷத்தில் தெற்கே தப்பிவந்து செஞ்சியைத் தம் ராஜதானியாக்கிக்கொண்டார். கையில் திரவியம் இல்லை. மொகலாயப் படையோ பின்தொடர்ந்து வருகிறது. அந்த நெருக்கடியில், கூடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த சிறு கோட்டையை ஆங்கிலக் கும்பினியாருக்கு மராட்டியர் விற்றனர். சென்னைக் கோட்டையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்ற கேள்விக்குச் சங்கிலி போட்டு அளந்து விடை காணவில்லை. கோட்டையிலிருந்து ஒரு பெரிய பீரங்கியைச் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமெல்லாம் கும்பினிக்கு என்று ஒப்பந்தமாயிற்று.

இதைக் கேட்ட யேல் துரையின் மனம் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். சென்னையிலிருந்து சிறந்த பித்தளைப் பீரங்கி ஒன்று அனுப்பப்பட்டது. அதை மிகுந்த அனுகூலம் உண்டாகும்படி கெட்டித்துச் சுடுவது பீரங்கிக்காரனுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது என்ற பொருள்பட, கண்ணடித்துச் சொல்வதற்குச் சமமான குறிப்பொன்றும் கூடவே போயிற்று. பத்திரத்தில் குண்டு விழும் தூரம் என்று இருந்ததேயன்றி எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு, எத்தனை சாய்வு என்று இல்லை. குழலை ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை நிமிர்த்தினால் குண்டு அதிக தூரம் போகும் என்பதை இத்தாலிய கணித நிபுணன் தார்த்தாலியா 1537இலேயே எழுதிவிட்டான். கும்பினிப் பீரங்கிக்காரனுக்கு அது தெரியாமல் இருக்க நியாயமில்லை. நல்ல உலர்ந்த மணிமருந்தைத் தேர்ந்து, குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் குண்டைப் பொறுக்கி, இடுக்கு வழியே காற்று கசியாமல் அடைத்து அவன் கெட்டித்திருப்பான் என்று நாம் ஊகிக்கலாம். 1690 செப்டம்பரில் குண்டுகள் திசைக்கொன்றாகப் பறந்தன. கூடலூர் நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் அந்த வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரே வழங்கலாயிற்று. குண்டு உப்பலவாடி என்னும் ஊர் இன்றும் கூடலூரை அடுத்து அதே பெயரோடு இருக்கிறது. மருந்தை அளந்து கெட்டிக்கத் தெரிந்த ஒருவன், ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், ஒரு முற்பகலில் செய்யக்கூடிய காரியத்தால் ஒரு சமஸ்தானத்தின் கடற்கரையை வாங்கிக் கொடுத்துவிட்டான். கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அதுவே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமை ஸ்தானமாகவும் சிலகாலம் விளங்கியது.

செஞ்சியிலோ, அதே 1690இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698வரை நீண்டது. முற்றுகையிட்ட சுல்பிகார் கான் சென்னை ஆங்கிலேயரிடம் வெடிமருந்து கேட்டு வாங்கிக்கொண்டான். கோட்டைக்கு உள்ளே இருந்தவரிடம் நிலத்தை வாங்கியவர்களே வெளியே இருந்தவனுக்கு மருந்து கொடுத்தார்கள். வியாபார தர்மத்தில் இதெல்லாம் குற்றமல்ல போலும். ராஜகிரியின் உச்சிக்குப் போகிறவர்கள், ஆழமான பிளவின்மேல் இட்ட பாலத்தைக் கடந்து சென்றால், ரங்கநாதர் கோயிலையும், தானியக் களஞ்சியத்தையும், கனமான கல்லால் கட்டிய மருந்துக் கிடங்கையும், பெரிய பீரங்கி ஒன்றையும் காணலாம். வடகிழக்குப் பருவ மழையில் அந்த உச்சியில் மருந்தை உலர்வாக வைத்திருப்பது எத்தகைய பிரயாசை என்பதைக் கார்த்திகை மாதத்தில் அங்கே ஏறிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

இனி, இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான பகுதிக்கு வருகிறேன். 1750ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரெஞ்சுத் தளகர்த்தர் புஸ்ஸி, இரவு நேரத்தில் செஞ்சியின் வாசற்கதவை மருந்துப் பொதியால் தகர்த்து உட்புகுந்து, விடிவதற்குள் மூன்று குன்றுகளையும் பிடித்துவிட்டார். பொழுது விடிந்தபின் தாங்கள் ஏறிவந்த பாறைகளைப் பார்த்த பிரெஞ்சுக்காரர், இதை நாமா பிடித்தோம் என்று தாங்களே ஆச்சரியப்பட்டார்கள். அதே 1750இல்தான், செஞ்சியிலிருந்து ஏறக்குறைய இரண்டு நாள் நடையில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கு, கும்பினியாரின் தலைமை எஞ்சினீயராக, பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். போர்வீரர்களுடைய ஆரவாரத்தில் இவர் வரவு எவர் கண்ணிலும் படவில்லை. ஆயினும், குறி என்னும் விஷயத்தை வெறும் கைப்பழக்கத்திலிருந்து சாஸ்திரமாக உயர்த்தியவர் இவரே.

ராபின்ஸ் 1707இல் பாத் நகரத்தில், யுத்தமே கூடாது என்னும் குவேக்கர் மதத்தைச் சார்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்டவர் 1742இல் பீரங்கி சாஸ்திரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டது விதியின் விளையாட்டு. அதுவரை குண்டின் வேகத்தை அளக்க ஒருவருக்கும் வழி தெரியாது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சலாகத் தொங்கவிட்டு, குண்டை அதில் சுட்டுப் புதையவைத்து, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்துவிடலாம் என்று இவர் காட்டினார். காட்டவே, இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. விநாடிக்கு 1500 அடிக்கு மேலான வேகத்தில் புறப்படும் குண்டை ஆகாயம் தடுக்கும் வலிமை, அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிடப் பன்மடங்கு பெரியது என்பது ஒன்று. வழவழப்பான குழலில் தளர்வாகப் போட்ட உருண்டைக் குண்டு, வெளிப்படும்போது எந்தப் பக்கத்தில் உரசியதோ அதற்கேற்ப மனம்போனபடி சுழன்று வளைந்து போகும் என்பது மற்றொன்று. குழலுக்குள் திருகுசுழியாக வரி வெட்டி, குண்டை இறுக்கமாகப் பொருத்தினால், எல்லாக் குண்டும் ஒரே அச்சில் சுழன்று நேராகப் போகும் என்று விளக்கி 1747இல் ராயல் சொஸைட்டியில் ஒரு வியாசம் வாசித்தார். அந்தச் சபையின் காப்ளி பதக்கம் முந்தின வருஷமே அவருக்குக் கிடைத்திருந்தது. கணிதத்தில் அக்காலத்துச் சக்கரவர்த்தியாகிய ஆய்லர், 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து, மூலத்தைவிட நீளமான உரையும் எழுதிச் சேர்த்தார் என்றால் அதன் கௌரவத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

வரி வெட்டிய துப்பாக்கியின் தன்மையை எந்தத் தேசம் முழுமையாக அறிந்து தன் படைக்கு வழங்குகிறதோ அது மற்றவற்றை மிஞ்சும் என்று முன்னறிந்து சொன்ன இந்த மனிதருக்கு, கும்பினியார் கொடுத்த வேலை என்னவோ தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் சென்னைக் கோட்டையையும் பழுதுபார்த்துப் பலப்படுத்துவது. நம் வெயிலும் விஷஜுரமும் அவருடைய பலவீனமான தேகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்து ஏறக்குறைய ஒரு வருஷத்தில், 1751 ஜூலை 29ஆம் தேதி, 44ஆம் வயதில், செயின்ட் டேவிட் கோட்டையிலேயே காலமானார். மருந்தின் அளவுக்கும் குண்டின் வேகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகத்துக்கு முதன்முதலில் கணக்காக எழுதிக் கொடுத்தவர், மருந்தின் அளவால் நிலம் வாங்கிய அதே கோட்டையில் கண்மூடினார். இதைக் கற்பனையாக ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் நாம் நம்பமாட்டோம். புதுச்சேரியில் 1736 முதல் 1761வரை நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் காலம் இதுவே. துரைமாரின் சண்டைகளும் பேரங்களும் நிரம்பிய அந்தக் காலத்தில், ஊஞ்சற்கட்டையைக் கொண்டு உலகை அளந்தவர் ஒருவர் பக்கத்து ஊரில் இறந்ததை நினைக்க எவருக்கும் அவகாசம் இல்லை.

ராபின்ஸின் உபதேசம் படைகளில் பலிக்க நூறாண்டு பிடித்தது. வரிக்குழலில் இறுக்கமான குண்டை வாய் வழியே இடித்து இறக்குவது மெத்தப் பிரயாசையாகையால், வேட்டைக்காரர் அதைப் போற்றினாலும் சேனாபதிகள் விரும்பவில்லை. 1849இல் பிரெஞ்சுக்காரர் மீனியே, அடிப்பாகம் குழிந்த ஈயக்குண்டு ஒன்றைச் செய்தார். அது தளர்வாக உள்ளே இறங்கி, மருந்து பற்றியவுடன் விரிந்து வரியைக் கவ்விக்கொண்டது. இவ்வகைக் குண்டையும் நிறுத்த மருந்தையும் சேர்த்துக் காகிதத்தில் பொதிந்த என்ஃபீல்டு தோட்டாவே 1857இல் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குத் தடவிய கொழுப்பினால் விளைந்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தோட்டாவைக் குறித்து அதிகம் பேசப்படாத விசேஷம் வேறொன்று இருக்கிறது. மருந்தை அளக்கும் பொறுப்பு சுடுகிறவன் கையை விட்டு, அவன் முகமறியாத சாலையொன்றில் வேலைசெய்யும் கூலியாளின் கைக்குப் போய்விட்டது. சில ஆண்டுகளில் காகிதம் பித்தளையாயிற்று; கெட்டித்தல் என்ற தொழிலே சிப்பாய்க்கு மறந்தது.

நம்மவர்க்கு அந்தத் தொழில் மறந்தது வேறு காரணத்தால். பாளையக்காரர் யுத்தம் முடிந்தபின், 1801 டிசம்பர் முதல் தேதி வெளியான பிரகடனம், ஆயுதங்களை ஒப்படைக்கவும் கோட்டைகளை இடிக்கவும் உத்தரவிட்டது. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் எஞ்சியவற்றையும் உரிமச் சீட்டுக்குள் அடக்கியது. ஐரோப்பாவிலோ, 1884இல் வியேய் என்னும் பிரெஞ்சு ரசாயன நிபுணர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடிக்க, கரிமருந்தின் ஆயிரவருஷ ஆதிபத்தியம் முடிந்தது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில், அத்தகைய மருந்துகளில் ஒன்றாகிய கார்டைட்டைச் செய்யும் தொழிற்சாலையைச் சர்க்கார் 1903இல் நிறுவினார்கள். பஞ்சையும் கிளிசரினையும் திராவகத்தில் பக்குவம் செய்து உண்டாக்கும் அந்த மருந்தின் முன் உப்பிலியருடைய பானைக்கு என்ன மதிப்பு? கரிமருந்து கோயில் திருவிழா அதிர்வேட்டிலும், சிவகாசியிலும், மலையோரத்து நாட்டுத் துப்பாக்கியிலும் போய் ஒதுங்கியது.

அந்த நாட்டுத் துப்பாக்கியை நெடுங்காலம் கைவிடாமல் வைத்திருந்தவர் நரிக்குறவர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் காடுகளின் ஓரத்தில், ஒற்றைக்குழல் துப்பாக்கியும் மருந்துப் பையுமாகக் கௌதாரிக்கும் முயலுக்கும் திரிந்த அவர்கள், தேங்காய்நாரைத் திணித்து, ரவையைப் பெய்து, மறுபடி நாரால் அடைத்துக் கோலால் இடிக்கும் முறை, துப்பாக்கி கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்து முறையின் நேர்வாரிசு என்று சொல்லத் தடையில்லை. திரிக்குப் பதிலாகப் பற்றுக்குப்பி வந்ததொன்றே வேற்றுமை. பறவைக்கு எவ்வளவு மருந்து, முயலுக்கு எவ்வளவு, ஈரநாளில் எவ்வளவு கூட்டவேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர்களுக்கு ஏட்டில் இல்லை, உள்ளங்கையில் இருந்தது. 1972ஆம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது; அது காட்டுக்கு நல்லதே. ஆனால், மாற்றுப் பிழைப்பு இன்னதென்று காட்டாமல் ஒரு கூட்டத்தாரின் கைத்தொழிலை மட்டும் குற்றமாக்கியது நியாயமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023இல்தான் வந்தது.

மேனாட்டான் வீட்டு மேஜையில் அனுபவிக்கும் இன்பம் நம் நாட்டில் சுலபமாகக் கிட்டாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தின் கடுமைக்குக் காரணமும் இல்லாமலில்லை. ஆனால், அந்த இன்பத்தின் சாரம் மருந்தில் இல்லையென்பதை நம் காலத்தில் ஒரு பெண் காட்டியிருக்கிறார். ராபின்ஸ் இறந்த கூடலூர்ச் சீமையில் 1999இல் பிறந்து, குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கப்பதக்கம் பெற்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் கலந்துகொண்டார். காற்றுத் துப்பாக்கியில் மருந்தே கிடையாது. இருந்தும், அந்த விளையாட்டுக்காரர்கள் ஒரே சாலையில் ஒரே நாளில் செய்த ஈயமணிகளிலேயே வெவ்வேறு அச்சின் மணிகளைத் தங்கள் குழலில் சுட்டுப் பார்த்து, எது நெருங்கி விழுகிறதோ அதையே பெட்டி பெட்டியாகச் சேமித்து வைக்கிறார்கள். ஒரு வேட்டைப் போலவே மறு வேட்டும் இருக்கவேண்டும் என்று பாடுபட்ட செஞ்சிக் கொத்தளத்து மனிதனுடைய கவலை அவர்களிடத்திலும் அப்படியே இருக்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இனி யாத்திரிகர் கூட்டம் பெருகும். தேசிங்கின் கதையும் கல்யாண மகாலின் அழகும் அவர்களுக்குக் குறைவின்றிச் சொல்லப்படும். அவற்றோடு, ராஜகிரி மருந்துக் கிடங்கின் வாசலில் வெடியுப்பு காய்ச்சியவர்களையும் குண்டு வார்த்தவர்களையும் பற்றிச் சில வரிகளும், தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் பெஞ்சமின் ராபின்ஸின் பெயரோடு ஒரு கல்லும் இடம்பெறுமாறு, தொல்லியல் துறையாரையும் சுற்றுலாத் துறையாரையும் கேட்டுக்கொள்கிறேன். அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல.